ப்ளாரன்ஸ்ல இருந்து வெனிஸ்: அப்பா அம்மா, குழந்தை, நாலு பெட்டியோட எதுல போறது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "செப்டம்பர்ல இத்தாலி போறோம். நான், மனைவி, 3 வயசுப் பொண்ணு, 70ஐத் தொடற அப்பா அம்மா. பெரிய பெட்டி நாலு. ப்ளாரன்ஸ்ல இருந்து வெனிஸ் போக ரயிலா, பஸ்ஸா, வாடகைக் காரா? அஞ்சு பேர்ங்கறதால கார்தான் மலிவா முடியும்னு தம்பி சொல்றான், அது சரியா?"

ரயில்லயே போங்க சார், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ரயில்னு சொல்லிட்டா மட்டும் போதாது, இந்த ரூட்ல எந்த ரயில், எங்க இறங்கறது, எந்த மாதிரி டிக்கெட், இதெல்லாம் சரியா அமைஞ்சாதான் நிம்மதி. வெனிஸ் கார் நுழையாத தீவு, நீங்க எதுல வந்தாலும் கடைசி தூரம் படகுலயோ நடந்தோதான், அதனால ப்ளாரன்ஸ் ஹோட்டல் வாசல்ல இருந்து வெனிஸ் ஹோட்டல் வாசல் வரைக்கும் பெட்டிய எத்தனை தடவை ஏத்தி இறக்கணும்னு ஒரு கணக்குப் போடுங்க, பெரியவங்களோட போறப்ப டிக்கெட் விலைக்கு முன்னாடி பாக்க வேண்டியது அதான்.

முதல்ல தம்பி சொன்ன கார். தூரம் சுமார் 260 கிலோமீட்டர், போலோன்யா வரைக்கும் ஏ1, அங்கிருந்து பாதுவா வரைக்கும் ஏ13, அப்புறம் ஏ4, ட்ராஃபிக் இல்லன்னா மூணு மணி நேரம். ரோடு ரொம்ப நல்லா இருக்கும், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அஞ்சு பேர், நாலு பெரிய பெட்டி, குழந்தை சீட் எல்லாம் சாதாரண கார்ல அடங்காது, ஏழு சீட்டர்தான் எடுக்கணும், அதுலயும் ஆட்டோமேட்டிக் வேணும்னா வாடகை இன்னும் ஏறும். ஒரு ஊர்ல எடுத்து வேற ஊர்ல விட்டா அதுக்குத் தனி சார்ஜ், டோல் சுமார் 20 யூரோ பக்கம், பெட்ரோல் வேற. குழந்தை சீட் அங்க சட்டப்படி கட்டாயம், அதுக்கும் நாள் வாடகை. இந்திய லைசென்ஸ்னா ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஆர்டிஓல இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிட்டு வரணும்.

இதை விடப் பெரிய தலைவலி ப்ளாரன்ஸ் ஊருக்குள்ள இருக்கு. பழைய நகரப் பகுதி முழுக்க இசட் டி எல், அதாவது பர்மிட் இல்லாத வண்டி நுழையக்கூடாத ஏரியா, போலீஸ் யாரும் நிறுத்த மாட்டாங்க, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கும், நீங்க ஊர் திரும்பி மாசக்கணக்கு ஆனதுக்கு அப்புறம் அபராதம் வரும், உங்க அட்ரஸைக் கொடுத்ததுக்கு கார் கம்பெனி தனியா ஒரு ஃபீஸ் பிடிச்சிருக்கும். வெனிஸ் பக்கம் கார் போகக்கூடிய கடைசி இடம் பியாட்சாலே ரோமா, அங்கயே வாடகைக் கார் ஆபீஸ் இருக்கு, வண்டிய விட்டுடலாம். விடாம வச்சுக்கிட்டா பார்க்கிங் மட்டும் ஒரு நாளைக்கு 20 யூரோவுக்கு மேல போகும். எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, கார் மலிவா வராது. நடுவுல சான் ஜிமிஞானோ, சியெனா, கியாந்தி மாதிரி டஸ்கனி கிராமப் பக்கம் ரெண்டு மூணு நாள் சுத்தப் போறீங்கன்னா கார் எடுங்க, அந்தப் பக்கத்துக்கு அது அருமையான ஐடியா, ஆனா சுத்தி முடிச்சதும் ப்ளாரன்ஸ் ஏர்போர்ட்லயே திருப்பிக் கொடுத்துட்டு வெனிஸுக்கு ரயில் ஏறிடுங்க.

பஸ் விலை குறைவுதான், நாளைப் பொறுத்து ரயில்ல பாதிக்கும் கிடைக்கும். ஆனா ஃப்ளிக்ஸ்பஸ் மாதிரி தூரப் பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் ஊருக்கு வெளிய வில்லா கோஸ்தான்சாங்கற இடத்துல இருந்துதான் கிளம்பும், அங்க போக டி1 ட்ராம்ல 20 நிமிஷத்துக்கு மேல ஆகும். வெனிஸ் பக்கம் கரையில இருக்கற மெஸ்த்ரேலயோ தீவு ஓரத்துல இருக்கற ட்ரோன்கெட்டோலயோ இறக்கி விடுவாங்க, அங்கிருந்து மறுபடி இன்னொரு வண்டி. நடுவுல நாலு மணி நேரம் ஓட்டம். தனியா பையை மாட்டிக்கிட்டுப் போற காலேஜ் பசங்களுக்கு சரி, உங்க குடும்பத்துக்கு வேணாம். ஃப்ளைட் பத்தி யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க, வேற ஊர் போய் மாறித்தான் வரணும்.

இப்ப ரயில். இதுல ரெண்டு வகை, ஊர் ஊரா நின்னு மெதுவாப் போற ரீஜனல், வேகமாப் போற ஹை ஸ்பீட். ரீஜனல்ல விலை எப்ப எடுத்தாலும் ஒண்ணுதான், சீட் நம்பர் கிடையாது, கிடைச்ச இடத்துல உக்காரலாம். ஆனா ப்ளாரன்ஸ்ல இருந்து வெனிஸுக்கு நேரா ரீஜனல் கிடையாது, பொதுவா பிராத்தோல மாறி, போலோன்யால மாறி, மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல ஆயிடும், பிளாட்பாரம் மாறும்போதெல்லாம் சுரங்கப்பாதைல நாலு பெட்டியோட ஏறி இறங்கணும். அவ்வளவு பாடுபட்டும் ஒரு ஆளுக்கு 20 யூரோவுக்கு மேலயே ஆகும், முன்கூட்டி எடுத்த ஹை ஸ்பீட் டிக்கெட்டும் கிட்டத்தட்ட அந்த விலைலயே கிடைக்குது, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

ஹை ஸ்பீட்னா அரசு கம்பெனி ட்ரெனிதாலியாவோட ஃப்ரெச்சா ரயில்கள், தனியார் கம்பெனி இத்தாலோ. ரெண்டுமே ஒரே தண்டவாளத்துல ஓடும், நேரமும் ஒண்ணுதான், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ப்ளாரன்ஸ், போலோன்யா நடுவுல இருக்கற மலைய 2009ல தொடங்கின புது லைன்ல கடக்கறீங்க, அது பெரும்பாலும் சுரங்கம்தான், அதனால அந்த அரை மணி நேரம் ஜன்னல்ல பாக்க ஒண்ணும் இருக்காது, பொண்ணுக்கு சாப்பாடு கொடுக்க அதான் நல்ல டைம். கம்பெனி எதா இருந்தாலும் பரவாயில்ல, உங்க நேரத்துக்கு எது விலை குறைச்சலோ அதை எடுங்க, ஆனா ஒரு கம்பெனி டிக்கெட் இன்னொண்ணுல செல்லாது, ரயில் நம்பரைப் பாத்து ஏறணும்.

விலை ஃப்ளைட் மாதிரி ஏறி இறங்கும். சில வாரம் முன்னாடி எடுத்தா ஒரு ஆளுக்கு 20, 30 யூரோவுக்குக் கிடைக்கும், அதே ரயில் கடைசி நேரத்துல 50ஐத் தாண்டிடும். ட்ரெனிதாலியாவுல சூப்பர் எகானமின்னு ஒண்ணு இருக்கும், மலிவு, ஆனா நேரம் மாத்தவும் முடியாது பணம் திரும்பவும் வராது. எகானமி எடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், ரயில் கிளம்பறதுக்கு முன்னாடி வித்தியாசத்தைக் கட்டி நேரம் மாத்திக்கலாம், காலைல அம்மாவுக்கு முடியலன்னா அந்த அஞ்சு பத்து யூரோ உங்களைக் காப்பாத்தும். 3 வயசுக் குழந்தை மடியில உக்காந்தா ட்ரெனிதாலியாவுல ஃப்ரீ, ஆனா ரெண்டு மணி நேரம் மடியில உக்கார மாட்டான்னா சீட் எடுத்துடுங்க. சீட் புக் பண்ணும்போது அஞ்சு பேருக்கும் பக்கத்து பக்கத்துல வருதான்னு மேப்பைப் பாத்து எடுங்க, நாலு சீட் எதிரெதிரா நடுவுல மேஜையோட இருக்கற இடம் குடும்பத்துக்கு வசதி.

ஏறற ஸ்டேஷன் சாந்தா மரியா நொவெல்லா, ஊர் நடுவுலயே இருக்கு. டிக்கெட்ல காம்போ டி மார்த்தே, ரிஃப்ரெதின்னு வேற ஸ்டேஷன் பேர் இருந்தா அந்த ரயிலை விட்டுட்டு வேற பாருங்க. சாந்தா மரியா நொவெல்லாவும் வெனிஸ் சாந்தா லூச்சியாவும் தண்டவாளம் முடியற ஸ்டேஷன்கள், அதனால ரெண்டு பக்கமும் படி, சுரங்கப்பாதை இல்லாம நேரா பிளாட்பாரத்துக்கு நடந்து போயிடலாம், பெரியவங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு போனா தெரியும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நடக்கறதே கஷ்டம்னா சாலா ப்ளூன்னு ஒரு இலவச சேவை இருக்கு, முந்தின நாளே சொல்லி வச்சா வீல்சேரோட ஆள் வந்து ஏத்தி விடுவாங்க.

பிளாட்பாரம் நம்பர் கிளம்பற நேரம் நெருங்கினாதான் போர்டுல வரும், பினாரியோங்கற கட்டத்தைப் பாருங்க, பதட்டப்பட வேணாம். அரை மணி நேரம் முன்னாடி போனா போதும், ஆனா கதவை ரெண்டு நிமிஷம் முன்னாடியே மூடிடுவாங்க. டிக்கெட் மெஷின் கிட்ட யாராவது தானா வந்து உதவி பண்றேன், பெட்டி தூக்கறேன்னா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க, அப்புறம் காசு கேட்டு நிப்பாங்க. உள்ள பெட்டி வைக்க கோச் ஓரத்துல ராக் இருக்கும், அது சீக்கிரம் நிரம்பிடும், அதனால ஒருத்தர் முதல்ல ஏறி பெட்டிய வாங்கி வைக்கட்டும், பாஸ்போர்ட், பணம், மருந்து இருக்கற பை மட்டும் உங்க காலடியிலயே இருக்கணும். போலோன்யால, பாதுவால ரயில் நிக்கறப்ப ஒரு கண்ணு பெட்டி மேல இருக்கட்டும்.

இறங்கற இடத்துலதான் நிறைய பேர் ஏமாறறாங்க. வெனிஸ் மெஸ்த்ரேன்னு முதல்ல ஒரு ஸ்டேஷன் வரும், அது கரைப்பக்கம் இருக்கற ஊர், தீவு கிடையாது. ஹோட்டல் மெஸ்த்ரேல எடுத்திருந்தா மட்டும் அங்க இறங்குங்க, இல்லன்னா உக்காந்திருங்க, இன்னும் பத்து நிமிஷம். சில ரயில் மெஸ்த்ரேவோட திரும்பி த்ரியெஸ்தே பக்கம் போயிடும், அதனால புக் பண்ணும்போதே கடைசி ஸ்டேஷன் சாந்தா லூச்சியான்னு இருக்கான்னு பாத்துக்கங்க. மெஸ்த்ரே தாண்டினதும் ரயில் கடல் மேல இருக்கற பாலத்துல போகும், 1846ல கட்டினது, ரெண்டு பக்கமும் தண்ணி, பொண்ணை ஜன்னல் பக்கம் உக்கார வைங்க.

சாந்தா லூச்சியால வெளிய வந்தா எதிர்லயே கிராண்ட் கெனால், வலது பக்கம் இடது பக்கம் வப்பரேட்டோ, அதாவது பஸ் மாதிரி ஓடற படகு, அதோட படகுத்துறை. ஒரு தடவை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும், 6 வயசுக்குள்ள குழந்தைக்கு வேணாம், ரெண்டு மூணு நாள் இருக்கப் போறீங்கன்னா நாள் பாஸ் லாபம். ஹோட்டல் எடுக்கும்போது படகுத்துறைல இருந்து நடுவுல எத்தனை பாலம் வருதுன்னு ஹோட்டல்காரங்களையே கேளுங்க, ஒவ்வொரு பாலத்துக்கும் படி ஏறி இறங்கணும், பாலமே இல்லாத ஹோட்டலுக்கு கொஞ்சம் ஜாஸ்தி கொடுத்தாலும் தப்பில்ல.

கடைசியா ஒண்ணு, இத்தாலில ரயில் ஸ்ட்ரைக் சகஜம், பல நேரம் வெள்ளிக்கிழமைல வரும், ஆனா முன்னாடியே அறிவிச்சிடுவாங்க. போற வாரம் "ஷோப்பெரோ" எதுவும் இருக்கான்னு கம்பெனி சைட்ல பாருங்க, இருந்தா கட்டாயம் ஓடற ரயில்னு ஒரு லிஸ்ட் போட்டிருப்பாங்க, உங்க ரயில் நம்பர் அதுல இருந்தா அப்படியே கிளம்பலாம், இல்லன்னா ஒரு நாள் முன்னாடியோ பின்னாடியோ மாத்திக்கங்க.