ட்ரெக்கிங் போக தனியா ஜிபிஎஸ் கருவி வேணுமா, வாங்குனா எதைப் பாத்து வாங்கணும்?

ரெண்டு மூணு நாள் டவரே கிடைக்காத காடு மலைன்னு நடக்கப் போறேன், போன்லயே ஜிபிஎஸ் இருக்கே அப்புறம் தனியா எதுக்குன்னு கூட வர்றவங்க சொல்றாங்க, வாங்கலாமா வேண்டாமான்னு கேட்டிருக்கீங்க. நான் பல வருஷமா கையில பிடிக்கிற ஹேண்ட்ஹெல்ட் ஜிபிஎஸ் கருவியோட நடக்குறவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல போனுக்கு நியாயம் சொல்லிடணும். டவர் இல்லன்னா போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யாதுன்னு நெறைய பேர் நம்புறாங்க, அது தப்பு. சிக்னல் வர்றது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்டுல இருந்து, சிம் கார்டே இல்லாத போன்லயும் அது வரும். டவர் இருந்தா எந்த சாட்டிலைட் இப்ப எங்க இருக்குன்னு நெட்வொர்க் வழியா முன்னாடியே தெரிஞ்சிடும், அதனால டக்குனு புள்ளி விழும். டவர் இல்லன்னா அந்த விவரத்தை சாட்டிலைட்டே அனுப்பணும், அதுக்கு அரை நிமிஷமோ கூடவோ ஆகும், அவ்ளோதான் வித்தியாசம். மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தா ஒரு நாள் நடைக்கு, வழி தெளிவா இருக்கிற எடத்துக்கு, போனே தாராளமா போதும்.

பிரச்சனை வர்றது மழையிலயும் குளிர்லயும்தான். ஒரு தடவை நாங்க நாலு பேர் ஒரு மலை முகட்டுல இறங்கிட்டு இருந்தோம், மதியத்துக்கு மேல மூடுபனி அப்பிக்கிச்சு, பத்தடி தள்ளி நடக்குறவர் தெரியல, கூடவே மழை. போனை வெளிய எடுத்தா தண்ணி சொட்டு விழ விழ மேப் தானா அங்கயும் இங்கயும் நகருது, விரல் விறைச்சுப் போய் தொட்டா எடுக்கல, சட்டையில தொடச்சு தொடச்சு பாத்தேன், 40 சதவீதம் சார்ஜ் காட்டிட்டு இருந்த போன் அந்தக் குளிர்ல அப்படியே அணைஞ்சு போச்சு. கூட வந்த அண்ணன்கிட்ட பழைய பட்டன் வெச்ச கருவி ஒண்ணு இருந்துச்சு, கிளம்புன எடத்துல இருந்து ட்ராக்கை, அதாவது நடந்த வழியைக் கோடா பதிவு பண்றதை, ஓட விட்டிருந்தார். சின்ன ஸ்க்ரீன்ல நாங்க ஏறி வந்த கோடு இடது பக்கமா வளைஞ்சு போகுது, எங்களைக் காட்டுற முக்கோணம் நேரா போய்ட்டே இருக்கு. "நில்லுங்கப்பா, திரும்பணும்"னார். ஒரு நாப்பது எட்டு எடுத்து வெச்சு பின்னாடி வந்தா பிரியுற எடம் இருந்துச்சு, பாறையில நாங்களே காலைல அடுக்கி வெச்ச மூணு கல்லு அப்படியே இருந்துச்சு. நேரா போயிருந்தா கீழ என்னன்னு மறுநாள் வெயில்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது, செங்குத்தான பள்ளம். அந்த வாரமே நான் ஒரு கருவி வாங்குனேன்.

அதனால என்கிட்ட யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது பட்டன். டச் ஸ்க்ரீன் பாக்க அழகா இருக்கும், பெருசா இருக்கும், ஆனா கையுறை போட்டு, நனைஞ்ச கையோட, பாக்காமலே அழுத்துறதுக்கு பட்டன் மாதிரி வராது. ஸ்க்ரீன் ரெண்டேகால் இன்ச்தான்னு யோசிக்காதீங்க, வெயில்ல பின்வெளிச்சம் இல்லாமலே தெரியுற ஸ்க்ரீனான்னு பாருங்க. நல்ல கருவிகள்ல வெயில் அடிக்க அடிக்க எழுத்து இன்னும் தெளிவா தெரியும், போன்ல நேர்மாறா வெளிச்சத்தை முழுசா ஏத்தி சார்ஜ் காலியாகும்.

அடுத்தது பேட்டரி. இதுல ரெண்டு கட்சி இருக்கு, கழட்டி மாத்துற டபுள் ஏ பேட்டரியா, உள்ளயே இருக்கிற லித்தியமா. கார்மின் கம்பெனியோட ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் ரெண்டு டபுள் ஏ பேட்டரில 25 மணி நேரம் வரைக்கும்னு சொல்றாங்க, அதே கம்பெனியோட ஜிபிஎஸ்மேப் 65எஸ் 16 மணி நேரம், உள்ளயே பேட்டரி வர்ற ஜிபிஎஸ்மேப் 67 180 மணி நேரம் வரைக்கும். கம்பெனி சொல்ற கணக்கு இது, நடைமுறைல கொறைச்சுதான் எடுத்துக்கணும், லைட்டு எரிஞ்சாலே எறங்கிடும். 180 மணி நேரம்னா ஒரு வாரம் சார்ஜே போட வேண்டாம், அது பெரிய விஷயம்தான், ஆனா நான் இன்னும் டபுள் ஏ பக்கம்தான். காரணம் ஒண்ணுதான், செத்துப் போனா பையில இருந்து ரெண்டு எடுத்துப் போட்டா முப்பது செகண்ட்ல திரும்ப உயிர் வந்துடும். கடுங்குளிர்ல லித்தியம் டபுள் ஏ போடுங்க, சாதா ஆல்கலைன் அங்க சீக்கிரம் கைவிட்டுடும். எந்த வகை பேட்டரி போட்டிருக்கீங்கன்னு செட்டிங்ஸ்ல மாத்தணும், இல்லன்னா மீதி எவ்ளோன்னு தப்பா காட்டும், இதை முக்கால்வாசி பேர் பண்றதே இல்ல.

மூணாவது, மூணு அச்சு எலக்ட்ரானிக் காம்பஸ், அதாவது கருவியை எப்படிச் சாய்ச்சுப் பிடிச்சாலும் திசை காட்டுறது. இது இல்லாத கருவிக்கு நீங்க நடந்தாதான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்கன்னு தெரியும், நின்னா அம்புக்குறி கண்டபடி சுத்தும். ரெண்டு வழி பிரியுற எடத்துல, பனியில, திசை தெரியுறதுக்காக பத்து எட்டு முன்னாடி நடந்து பாருன்னு ஒரு கருவி சொன்னா அதை எப்படி நம்புறது? ஈட்ரெக்ஸ் 22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் பெரிய வித்தியாசமே இந்த காம்பஸும் காத்தழுத்தத்தை வெச்சு உயரம் சொல்ற பாரோமீட்டரும்தான், கூட போற காசு அதுக்கு தகும். பேட்டரி மாத்துனா காம்பஸை ஒரு தடவை கேலிபரேட் பண்ணிடுங்க, அதாவது அளவைச் சரிப்படுத்திடுங்க.

பாரோமீட்டர் பத்தி தனியா ஒரு வார்த்தை. தாழ்வான எடத்துல சுமார் 8 மீட்டர் ஏறுனா காத்தழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்குற அலகு) கொறையும், கருவி அதைத்தான் உயரமா மாத்திக் காட்டுது. கருவி உயரத்தைத் தானா திருத்திக்கிற ஆட்டோ கேலிபரேஷனை அணைச்சு வெச்சுட்டு ராத்திரி டென்ட்ல தூங்குறீங்க, காலைல பாத்தா கருவி தானா 30 மீட்டர் ஏறுன மாதிரி காட்டுதுன்னா நீங்க நகரல, அழுத்தம் எறங்கியிருக்கு, வானம் கெடப் போகுதுன்னு எடுத்துக்கலாம். நான் இதைப் பாத்து ரெண்டு தடவை சீக்கிரமே கீழ எறங்கியிருக்கேன்.

துல்லியம் பத்தி ரொம்ப குழம்பாதீங்க. 2000 மே மாசம் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே சேத்துட்டு இருந்த பிழையை நிறுத்துன பிறகு திறந்த வெளில எந்தக் கருவியும் சில மீட்டருக்குள்ள சொல்லிடும். வித்தியாசம் தெரியுறது அடர்ந்த மரத்துக்கு அடியிலயும் ரெண்டு பாறைச் சுவருக்கு நடுவுலயும்தான், அங்க சிக்னல் பாறையில பட்டு எதிரொலிச்சு வந்து ஏமாத்தும். எல்1ங்கிற வழக்கமான அலைவரிசை கூட எல்5ங்கிற இன்னொரு அலைவரிசையும் வாங்குற மல்டிபேண்ட் கருவி இந்த ஏமாத்தை நல்லா கண்டுபிடிக்கும், 65எஸ்ஸும் 67ம் அந்த வகை. நீங்க போறது பெரும்பாலும் காடுன்னா அதுக்கு காசு போடலாம், திறந்த மலைன்னா அவசியமில்ல. தலையில குட்டை கொம்பு மாதிரி ஆன்டெனா நீட்டிட்டு இருக்கிற மாடல்னா நிமித்திப் பிடிங்க, கொம்பு இல்லாதது பெரும்பாலும் படுக்கையா வானத்தைப் பாத்து இருந்தா நல்லா வாங்கும்.

ஒண்ணு மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க, சாதா ஜிபிஎஸ் கருவி சிக்னலை வாங்கத்தான் செய்யும், உங்களைக் காப்பாத்த யாருக்கும் எதுவும் அனுப்பாது. மெசேஜ், எஸ்ஓஎஸ் வேணும்னா இரிடியம் சாட்டிலைட் வழியா பேசுற இன்ரீச் மாதிரி கருவி வேணும், அதுக்கு மாசச் சந்தா தனி, சில நாடுகள்ல அனுமதியில்லாம வெச்சிருந்தாலே கேஸ் ஆகிடும், போற நாட்டு சட்டத்தைப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க. மேப்புக்கு காசு கொட்ட வேண்டாம், எல்லாரும் சேந்து உருவாக்குற ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து செஞ்ச இலவச மேப்பை மெமரி கார்டுல போட்டுக்கலாம்.

அப்புறம் இடக்குறியீடு எழுதுற முறை. யாராவது 12.3456 டிகிரின்னு சொல்லி, உங்க கருவி டிகிரி நிமிஷ முறைல இருந்து நீங்க 12 டிகிரி 34.56 நிமிஷம்னு அடிச்சா, 25 கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போய் நிப்பீங்க. கூட்டமா போறப்ப எல்லார் கருவியும் ஒரே முறைல, ஜிபிஎஸ் வழக்கமா பயன்படுத்துற டபிள்யூஜிஎஸ் 84ங்கிற பூமி அளவீட்டுல இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

உங்களுக்கு என்ன வாங்கலாம்னா, ரெண்டு மூணு நாள் நடைக்கு 32எக்ஸ் போதும், காடு அதிகம்னா 65எஸ். கையில காசு கம்மின்னா செகண்ட் ஹேண்ட் தயங்காம வாங்குங்க, ஆனா விக்கிறவரோட திறந்த வெளிக்குப் போய் கருவியைப் போட்டு சிக்னல் புடிச்சதும் தேதியைப் பாருங்க. ஜிபிஎஸ்ஸோட வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியா 2019 ஏப்ரல் 6ல திரும்புச்சு, அதை சமாளிக்கத் தெரியாத பழைய கருவி எடத்தை சரியா சொல்லிட்டே தேதியை இருபது வருஷம் பின்னாடி காட்டும். அப்படி இருந்தா அந்த மாடலுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ள ஓடுற மென்பொருள்) அப்டேட் இருக்கான்னு தேடிட்டு காசு குடுங்க, பேட்டரி மூடியைத் திறந்து உள்ள பச்சையா பூத்திருக்கான்னும் ரப்பர் வளையம் வெடிச்சிருக்கான்னும் பாத்துடுங்க, தண்ணி போறது அந்த வழியாத்தான்.