பார்த்ததைச் சொல்லிவிடலாமா?

கேள்வி: குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. ஒரு மையத்தில் ரெக்கவரி கோச்சாக, அதாவது குடியை விட நினைப்பவருக்குத் துணை நிற்பவராக, பயிற்சி எடுக்கிறேன். என் பொறுப்பில் இருப்பவர் எங்கள் தெருக்காரர். அவரை முள்ளோடை பிராந்திக்கடை வாசலில் பார்த்தேன். அன்றிரவே அவர் மனைவி போன் செய்து, "அண்ணே, மறுபடி குடிக்கிறாரா?" என்றார். என்ன சொல்வது?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சொல்லக் கூடாது. பொய்யும் கூடாது. "அவர் விஷயத்தை அவர்தாம்மா சொல்லணும். உங்ககிட்ட பேசச் சொல்லி அவர்கிட்ட கேக்கறேன்" என்பதோடு நிறுத்துங்கள். பிறகு அவரைத் தனியாகச் சந்தித்து, "முள்ளோடையில உங்களைப் பார்த்தேன்" என்று கண்டதை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். விசாரணை வேண்டாம்.

ஒரு முறை வீட்டுக்குச் செய்தி போனால், அடுத்த சறுக்கலை உங்களிடமும் மறைப்பார். ஆபத்தே அதில்தான். தினமும் குடித்தவர் யாருக்கும் தெரியாமல் சட்டென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்துக்கு மேல், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்லித் தட்டிக்கொண்டிருப்பார், உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் அவர் தயங்காமல் கூப்பிடும் நம்பராக உங்கள் நம்பர் இருக்க வேண்டும்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. சாகப் போவதாகப் பேசினாலோ, வீட்டாரை வெட்டுவேன் என்றாலோ, வலிப்பு வந்தாலோ, 108-ஐயும் மைய ஒருங்கிணைப்பாளரையும் உடனே அழைக்க வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒப்புதல் படிவத்தில் "குடும்பத்தாரிடம் தெரிவிக்கலாம்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருந்தால் சிக்கல்தான். யாரிடம், எதை, எந்தத் தேதி வரை என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 'கூட்டத்துக்கு வந்தாரா என்பது மட்டும் மனைவிக்கு' என்று அவரே வரம்பு வைக்கலாம்.

ஒரே தெரு என்பதையும் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். வேறு கோச்சிடம் மாற்றுவது தவறே இல்லை. கைமாற்று, ஒரே சீட்டில் சேர்வது இரண்டும் வேண்டாம். அவர் தவணை தவறினால் நீங்கள் கடனைத் திருப்பிக் கேட்பவர் ஆகிவிடுவீர்கள், கோச்சாக இருக்க முடியாது. அமெரிக்காவில் ஐசி அண்ட் ஆர்சி என்ற அமைப்பு இத்தகைய கோச்சுகளுக்குத் தரும் சான்றிதழுக்கான 46 மணி நேரப் பயிற்சியில் 16 மணி நேரம் நெறிமுறைக்கே போகிறது. அரை நாள் வகுப்பில் இதெல்லாம் ஏறாது.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் குடி நிறுத்தும் மாத்திரையைச் சாம்பாரில் கலக்கலாமா என்று ஒரு அம்மா கேட்கிறார். கோச் உதவலாமா?
- வாசகி, பாகூர்

பதில்: கூடவே கூடாது. அந்த மாத்திரையான டைசல்ஃபிராம் உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும், சாவும் நேரலாம். அவர் அறிந்து, சம்மதித்து, குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகே டாக்டர் தருவார். மாத்திரையைத் தொடுவது கோச்சின் வேலையில்லை. ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அந்த அம்மாவுடன் போய் வருவது உங்கள் வேலை; போகுமுன் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் பேசலாம். ஏற்கெனவே கலந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும்.