வியாபார விளம்பரத்தின் போக்கை மாற்ற வேண்டிய நேரம் எப்போது?

உங்கள் கேள்வி இதுதான்: வீட்டிலேயே தேயிலை, மிளகு, கறுவா எல்லாம் பக்கட் கட்டி ஹட்டன் டவுனிலும் பேஸ்புக்கிலும் விற்கிறீர்கள். பல மாதமாக ஒரே மாதிரி விளம்பரம், ஆனால் விற்பனை ஏறவில்லை. இதையே தொடர்வதா, வேறு வழிக்குப் போவதா, எதைப் பார்த்து முடிவெடுப்பது?

நேராகவே சொல்கிறேன். உங்களுக்கு அலுத்துவிட்டது என்பதற்காக மாற்றாதீர்கள். ஒரு மாதம் விற்பனை படுத்துவிட்டது என்பதற்காகவும் மாற்றாதீர்கள். நீங்கள் யாரை மனதில் வைத்து விளம்பரம் செய்கிறீர்களோ அவரும், உண்மையில் காசு கொடுத்து வாங்குபவரும் வேறு வேறு ஆட்கள் என்று தெரிந்ததும் மாற்றுங்கள். அப்போது தாமதிக்கவே வேண்டாம்.

ஹட்டனில் சின்ன அச்சுக் கடை நடத்துகிறேன். நோட்டீஸ், பேனர், பக்கட் ஸ்டிக்கர், பேஸ்புக்குக்கு டிசைன் என்று இந்தப் பக்கத்து வியாபாரங்களின் விளம்பரம் பெரும்பாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகிறது. "அண்ணே, இது சரிவரல, டிசைனை மாத்துவோம்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வாங்கினவங்க யாரு?" என்றுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. லைக் எத்தனை என்று சொல்வார்கள், நோட்டீஸ் எத்தனை கொடுத்தோம் என்று சொல்வார்கள். வாங்கியது தேயிலைத் தோட்டத்து அம்மாவா, ரயிலில் வந்த பயணியா, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையா என்று கேட்டால் யோசிப்பார்கள். அது தெரியாமல் நிறத்தையும் எழுத்தையும் மாற்றுவதில் காசுதான் வீண். அந்தக் காசு எனக்குத்தான் வருகிறது என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊர் வியாபாரத்தை மாதக் கணக்கு போட்டுப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது. அதற்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை டவுனில் நடக்க இடம் இருக்காது. மாதக் கடைசிக் கிழமையில் அதே தெரு வெறிச்சோடிக் கிடக்கும். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் துணிக்கடைக்கு ஒரு வருட வியாபாரம் நடந்துவிடும். ஏப்ரலில் கூட்டமெல்லாம் நுவரெலியாவுக்குப் போகும். டிசம்பர் உந்துவப் போயா (பௌர்ணமி) நாளிலிருந்து மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பயணிகள் ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போவார்கள். ஜூனில் அவர்கள் இல்லை. ஆகவே ஜூன் விற்பனையை ஏப்ரலோடு வைத்துப் பார்த்து "விளம்பரம் தோற்றுவிட்டது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இந்த ஜூனைப் போன வருட ஜூனோடு பாருங்கள். அந்தக் கணக்கு கையில் இல்லையென்றால் இன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

அப்படிப் பார்க்கும்போது ரூபாயைப் பார்க்காமல் பக்கட் எண்ணிக்கையைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஒரு வருடத்தில் சுமார் 70 வீதம் ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் நிறையக் கடைகளின் கல்லாவில் விழுந்த தொகை கூடித்தான் இருந்தது. ஆனால் வாங்க வந்தவர்கள் குறைந்திருந்தார்கள், வந்தவர்களும் பெரிய பக்கட்டை விட்டுச் சின்னதைக் கேட்டார்கள். தொகையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் 50 கிராம் பக்கட்டுக்கு ஸ்டிக்கர் அடிக்க முதலிலேயே வந்துவிட்டார்கள்.

இந்த மலையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சல் இறங்கத் தொடங்கியது. ஆனால் உலகச் சந்தையில் கோப்பி விலை நன்றாக இருந்ததால் வருமானம் தாக்குப் பிடித்தது. அதை நம்பித் துரைமார் 1870களிலும் காட்டை வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டே போனார்கள். விலையும் விழுந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. நடுவில் சிங்கோனாவைப் பிடித்தார்கள், எல்லோரும் அதையே நட்டதில் அதன் விலையும் சரிந்தது. கடைசியில் காப்பாற்றியது தேயிலை. அதை ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டது 1867இல், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு இரண்டு வருடம் முன்பே. கோப்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் அதைச் செய்யவில்லை. ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் பார்த்தார். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான். நடக்கும் விளம்பரத்தை நிறுத்தாதீர்கள். செலவழிக்கும் தொகையில் சின்னப் பங்கை ஒதுக்கி, வேறு ஆளுக்கு வேறு மாதிரிச் சொல்லிப் பாருங்கள்.

சரி, எங்கே தடைபடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதுகிற கொப்பி ஒன்று போதும். விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டு, எந்த ஊர், யாருக்காக வாங்குகிறார், வாங்கினாரா, திரும்ப வந்தாரா என்று ஒரு வரி எழுதுங்கள். நோட்டீஸில் ஒரு போன் நம்பர், பேஸ்புக்கில் வேறு நம்பர் போட்டால் இன்னும் சுலபம்.

யாருமே விசாரிக்கவில்லை என்றால் நீங்கள் சொல்வது போய்ச் சேரவில்லை. இடத்தை மாற்றலாம், சொல்லும் விதத்தை மாற்றலாம். விசாரிக்கிறார்கள், விலையைக் கேட்டதும் போய்விடுகிறார்கள் என்றால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. விலையிலோ, பக்கட் அளவிலோ, கொண்டுபோய்க் கொடுக்கும் வசதியிலோதான் குறை. அப்போது போஸ்ட்டை மாற்றிப் பயனில்லை. வாங்குகிறார்கள், ஆனால் ஒருவரும் இரண்டாம் தடவை வரவில்லை என்றால் பொருளைத்தான் பார்க்க வேண்டும். அந்த நிலையில் விளம்பரத்தைக் கூட்டினால் பெயர்தான் இன்னும் வேகமாகக் கெடும். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு "விளம்பரம் சரியில்லை" என்று முடிவுகட்டுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று, வாங்கும் ஆளே மாறிப்போவது. டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடை தீபாவளிக்குத் தோட்டம் தோட்டமாக ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தது, லயத்துக்கு லயம் நோட்டீஸ் கொடுத்தது. கூட்டம் வருடத்துக்கு வருடம் குறைந்தது. விசாரித்தால், அம்மாவுக்குச் சேலை எடுப்பது இப்போது அம்மா இல்லை. கொழும்பில் கடையிலோ கார்மென்ட்டிலோ வேலை செய்யும் மகள் அங்கேயே எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறாள். கடைக்காரர் ஒலிபெருக்கிச் செலவைக் குறைத்தார். புதுச் சேலைகளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். "நீங்க காசை பேங்க்ல போடுங்க, அம்மா வந்து பிடிச்சதை எடுத்துக்கட்டும்" என்றார். கடையும் அதே, சேலையும் அதே. பேசும் ஆள்தான் வேறு. எனக்கு இதில் பிடித்தது, அம்மா தன் கையால் துணியைத் தொட்டுப் பார்த்து எடுக்கிறார் என்பது.

ஆள் மாறுவதும் ஆளே இல்லாமல் போவதும் வேறு. 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தார்கள். 2020இல் அது சுமார் 5 இலட்சம், 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கத்தில் தங்குமிடம் நடத்தியவர்கள் அப்போது ஆங்கில விளம்பரத்தை எவ்வளவு மெருகேற்றியிருந்தாலும் நடந்திருக்கப் போவது ஒன்றுமில்லை. கொழும்பு, கண்டிக் குடும்பங்களைப் பார்த்துச் சிங்களத்திலும் தமிழிலும் பேசியிருந்தால் வாய்ப்பு இருந்தது. 2024இல் வெளிநாட்டவர் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். முதலிடம் இந்தியர்களுக்கு. மலையில் தங்குமிடம் நடத்தும் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வருகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருப்பார்கள், அவர்களிடம் நாம் தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் தேயிலை. ஹட்டனில் தேயிலைக்கு நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்குத் தோட்டத்திலிருந்தே தூள் கிடைக்கிறது. டவுனில் இருப்பவருக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்துவிடும். நீங்கள் பேசுவது வாங்கத் தேவையில்லாத ஆளிடம். இதில் நோட்டீஸின் நிறமோ அளவோ ஒரு வித்தியாசமும் செய்யாது. வாங்கக்கூடியவர்கள் மலை ஏறிவிட்டு ஊர் திரும்பும் பயணிகளும், கொழும்பில் இருந்துகொண்டு ஊர்த் தேயிலைக்கு ஏங்கும் நம் பிள்ளைகளும். என் கணிப்பு இது. கொப்பி எழுதினால் சரியா பிழையா என்று தெரிந்துவிடும்.

பயணிக்காக என்றால் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்துக் கடைகளில் கொமிஷனுக்கு வையுங்கள். பையில் நசுங்காத சின்னப் பெட்டி, சிங்களமும் தமிழும் எழுதிய ஸ்டிக்கர். ஹட்டன் தேயிலை திம்புள்ளப் பிரதேசத்தைச் சேர்ந்தது, ஜனவரி முதல் மார்ச் வரை அதன் தரமான பருவம். உங்கள் தூள் அந்தப் பருவத்தில் பறித்த கொழுந்து என்றால் அதைப் பெட்டியிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் எழுதாதீர்கள். இலங்கைத் தேயிலைப் பெட்டிகளில் பார்க்கிற சிங்கச் சின்னம் மட்டும் கேட்காதீர்கள். அது தேயிலைச் சபையின் சொத்து, அவர்களுடைய அனுமதி இல்லாமல் நான் அச்சடித்துத் தர மாட்டேன்.

தொடங்குவதற்கு முன்பே மூன்று விஷயத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: எவ்வளவு செலவழிப்பேன், எந்தத் திகதி வரை பார்ப்பேன், எத்தனை பக்கட் போனால் தொடர்வேன். பயணிகளுக்கான பெட்டிக்கு வெசாக் போயா வரை தவணை கொடுக்கலாம். கொழும்புப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதை இரண்டு மூன்று சம்பள மாதம் பார்த்தால் போதும். நடுவில் விலையையும் பெட்டியையும் ஒன்றாக மாற்றிவிடாதீர்கள். எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று அப்புறம் சொல்ல முடியாது.

மிளகையும் கறுவாவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதை வாங்குபவர் அநேகமாக வேறு ஆள், அதனால் அவருக்குக் கொப்பியில் தனிப் பக்கம் போடுங்கள்.