லாரி ஹோம்ஸை ஏன் முகமது அலி அளவுக்கு யாரும் கொண்டாடவில்லை?

காரைக்குடியில் குத்துச்சண்டை பழகும் தம்பி கேட்டிருக்கிறார். ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் அலிக்கு அடுத்து வந்ததுதான் ஹோம்ஸ் செய்த ஒரே குற்றம். 1978இல் கென் நார்டனுடன் 15 சுற்றுகள் மோதி உலகப் பட்டம் வென்றவர், 7 ஆண்டுகள் உலகச் சாம்பியனாகவே நீடித்தார். 1980இல், ஒரு காலத்தில் தான் உடன் பயிற்சி செய்த அலியையே, அவருடைய 38ஆம் வயதில், அடிக்க நேர்ந்தது. 10 சுற்றுகளுக்குப் பின் அலியின் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அழுதார். ரசிகர்களுக்கோ மனம் ஆறவில்லை.

வளவு முற்றத்தில் மணல் மூட்டை கட்டிப் பழகுகிறவர்கள் ஹோம்ஸின் இடது கையைக் கவனியுங்கள். தோளிலிருந்து நேராகப் பாயும்; முகத்தில் பட்டதும் அதே கோட்டில் திரும்பிவிடும். இப்படி முன்கையால் நேராக விடும் விரைவான குத்துக்கு ஜாப் என்று பெயர்; ஹெவிவெயிட்டில் அதைவிடச் சிறந்த ஜாப் கிடையாது என்பேன். தொடர்ந்து 48 வெற்றிகள் பெற்றவர், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ தோல்வியே இல்லாமல் பெற்ற 49 வெற்றிகளை எட்டும் தறுவாயில், 1985இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார்.