வெளிநாட்டுக் கிளிக்குப் பதிவு, பச்சைக்கிளிக்குத் தடை

கேள்வி: ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றைச் சென்ற வாரம் வாங்கினேன். பில் இருந்தால் போதும் என்கிறார் கடைக்காரர். வெளிநாட்டுப் பறவையை வளர்ப்பதே குற்றம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுக் கூண்டிலோ பச்சைக்கிளி இருக்கிறது. யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: இருவர் சொல்வதும் சரியன்று, பக்கத்து வீட்டுக்காரரின் நிலைதான் இன்னும் சிக்கலானது. பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை என்பதால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பது சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றம். அவர் அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதே நல்லது; கூண்டிலேயே வளர்ந்த கிளியைத் திறந்துவிட்டால் அது இரை தேடத் தெரியாமல் தவிக்கும்.

உங்கள் கிளிக்குத் தடையில்லை, பதிவு உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்கள், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன. அந்த உயிரினங்களை வைத்திருப்போர் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கியவருக்கு 30 நாள்தான் அவகாசம். பிறகு கிளி இறந்தாலும், குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சாம்பல் கிளி சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால், ஜோடி சேர்த்து இனப்பெருக்கம் செய்யத் தனி உரிமமும் தேவை.

பில்லோடு, கிளி எங்கே பொரித்தது என்பதற்கான ஆவணத்தையும் கடைக்காரரிடம் உடனே கேளுங்கள். காலில் இணைப்பில்லாத முழு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சில நாள் குஞ்சாக இருக்கும்போதுதான் மாட்ட முடியும் என்பதால், பண்ணையில் பிறந்த பறவை என்பதற்கு அது ஓர் அடையாளம். விற்கும்போதே இவற்றைச் சொல்லாத கடைகளின் மீதுதான் எனக்குக் கோபம்.

கேள்வி: லவ் பேர்ட்ஸுக்கும் பதிவு வேண்டுமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள். சைட்டிஸ் பட்டியல்களில் இல்லாததால் அவற்றுக்கும் காக்கட்டீல் கிளிக்கும் பதிவு வேண்டாம். உண்மையான ஆப்பிரிக்க லவ் பேர்டுகளில் ஃபிஷர் போன்றவை என்றால் வேண்டும்; இளஞ்சிவப்பு முக வகைக்கு (பீச் ஃபேஸ்டு) மட்டும் வேண்டாம்.