47 வயதில் மறுபடியும் 200 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க முடியுமா?

கேள்வி: "கல்லூரி நாட்களில் திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குச் சைக்கிளிலேயே போய்வருவேன். வேலை, குடும்பம் என்று ஆனபிறகு 25 வருடமாகத் தொடவில்லை. இப்போது வயது 47, சென்னையில் இருக்கிறேன். மறுபடியும் நெடுந்தூரம் போக ஆசை. முடியுமா? மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார்களே?"

முடியும். ஒரு வருடம் பொறுமையாக ஒதுக்கினால் தாராளமாக முடியும். நானும் 46 வயதில் திரும்பி வந்தவன்தான், இப்போது 53. என்னோடு ஓட்டுகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள், அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. வயதோடு போவது வேகம். தூரம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். பி.ஆர்.எம். என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் நெடுந்தூர ஓட்டங்கள் பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. சாப்பாடு, பஞ்சர், மர நிழலில் போடும் குட்டித் தூக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். மணிக்கு 20 கிலோமீட்டரில் நிதானமாக மிதித்தால் 200 கிலோமீட்டர் பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும், மூன்றரை மணி நேரம் கையில் மிச்சம். இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் வந்துசேர்ந்த எல்லாருக்கும் ஒரே மதிப்பு. நடுத்தர வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உடம்பு ஒத்துழைக்குமா என்ற சந்தேகத்துக்கு ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொல்வேன். இளமையில் ஓட்டியவர், இடையில் விட்டுவிட்டார், 67 வயதில் திரும்ப ஆரம்பித்தார். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல் மிதித்தார். இரண்டு வருடம் கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 27. இடைப்பட்ட பயிற்சியை உடலியங்கியல் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அவருடைய உடல் உள்வாங்கிய உச்ச ஆக்சிஜன் அளவு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆனது. கால் தள்ளும் உச்ச சக்தி 90 வாட்டிலிருந்து 125. உச்ச இதயத்துடிப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. வருடத்துக்கு 5000 கிலோமீட்டர் மிதித்தார், அதில் ஐந்தில் நான்கு பங்கு லேசான மிதி, ஒரு பங்கு மட்டுமே கடினம். இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் தினமும் முக்கி முக்கி மிதித்து ஒரே மாதத்தில் சலித்துப்போகிறார்கள். கூட வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

இப்போது மூட்டு. சைக்கிளில் உடம்பின் எடையை சீட் தாங்குகிறது, அதனால் ஓடுவதில் விழும் சுமை முட்டியில் விழுவதில்லை. அப்படியும் வலி வந்தால் நான் முதலில் பார்ப்பது சீட் உயரத்தைத்தான். நம் ஊரில் எல்லாரும் சீட்டை இறக்கி வைத்துத்தான் ஓட்டுகிறோம். சிக்னலில் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்ற பழக்கம். அந்த உயரத்தில் முட்டி எப்போதும் மடிந்தபடியே வேலை செய்கிறது. பத்து கிலோமீட்டருக்கு ஒன்றும் தெரியாது, ஐம்பதுக்கு மேல் முட்டிச் சில்லைச் சுற்றி வலி கிளம்பிவிடும்.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுசாக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு வரும். அதுதான் உங்கள் உயரம். சீட் கம்பியில் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள், பஞ்சர் கடையிலோ சர்வீஸிலோ யாராவது இறக்கிவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கக் குழியில் இழுத்தால் உயரம், பெரும்பாலும் இப்படித்தான். எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், மாற்றியபின் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி தரையில் கால் ஊன்ற முடியாது. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் நழுவி இறங்கி, இடது கால் தரையில், வலது கால் பெடலில் என்று நிற்கப் பழக வேண்டும். முதல் வாரம் பயமாக இருக்கும், பிறகு கை கால் தானாகச் செய்யும்.

இன்னொன்று, கனமான கியரில் மெதுவாக மிதிக்காதீர்கள். லேசான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்று. வலது முட்டி மேலே வருவதைப் பதினைந்து விநாடிக்கு எண்ணுங்கள், இருபது வந்தால் சரி.

மூச்சும் நெஞ்சும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை பழகப் பல மாதமாகும். ஆபத்து இந்த இடைவெளியில்தான். மூச்சு வாங்கவில்லையே, இன்னும் முப்பது கிலோமீட்டர் போகலாமே என்று மனசு சொல்லும். போகாதீர்கள். வாரக் கடைசி தூரத்தை ஐந்து, பத்து கிலோமீட்டராக ஏற்றுங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் இறக்குங்கள்.

கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கை ஓரமாக ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது என்று அர்த்தம். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் ஏற்றி, முழங்கையை லேசாக மடக்கி, பிடியை அடிக்கடி மாற்றுங்கள். மெத்தை மாதிரி அகலமான சீட்டை வாங்கிவிடாதீர்கள், நாற்பது கிலோமீட்டருக்குப் பிறகு அதுதான் அதிகம் உறுத்தும். பேட் வைத்த ஷார்ட்ஸ் போடுங்கள், அதற்குள் ஜட்டி வேண்டாம், உராயும் இடத்தில் வாசலின்.

தூரத்தைத் தீர்மானிப்பது கால் என்று நினைத்திருப்பீர்கள். நான் பார்த்தவரை வயிறுதான். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. அது தீர்ந்தால் கண் இருட்டும், கால் கனக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். பசிக்கும்முன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும்முன் குடிக்க வேண்டும், ஆரம்பத்தில் வேகம் காட்டக்கூடாது. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் டி விவி (1853–1930) அந்தக் காலத்திலேயே பிரெஞ்சு சைக்கிள்காரர்களுக்குச் சொன்னது இது. இன்றைய கணக்கில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். வழியில் கடை கிடைத்தால் இட்லி நல்லது, பூரியும் பரோட்டாவும் வேண்டாம், எண்ணெய் வயிற்றில் நின்றுவிடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீர் குடித்தாலும் உப்புப் போட்ட மோரோ, மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ கூட வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரை போகும்.

சென்னையில் இருக்கிறீர்கள் என்பதால் இ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பற்றி. திருவான்மியூரிலிருந்து மரக்காணம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 200. சமதளம், மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே மேடு காற்றுதான். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும், மணிக்கு 28 கிலோமீட்டரில் போவீர்கள், பழைய கால் வந்துவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். பாலாற்றுப் பாலத்தில் 14ஐத் தாண்டாது. கோடையில் நிலைமை மாறும். மதியத்துக்குமேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பி வடக்கே தள்ளிக்கொண்டு வரும், ஆனால் மரக்காணம் உப்பளத்தில் ஒதுங்க நிழல் கிடையாது, வெள்ளைக் குவியல்களிலிருந்து வெளிச்சம் கண்ணில் அடிக்கும். காலை ஒன்பதுக்குள் அங்கே போய்ச் சைக்கிளைத் திருப்பிவிட வேண்டும் என்றால் விடிகாலை நாலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை மூன்றும் இல்லாமல் இருட்டில் கிளம்பாதீர்கள். பி.ஆர்.எம்.மில் இரவு ஓட்டத்துக்கு இது கட்டாய விதியும்கூட.

சைக்கிளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கியர் வைத்த ஹைப்ரிட் (ரேஸ் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ரகம்) போதும், டயர் 32 மில்லிமீட்டர் இருந்தால் நம் சாலைக்கு நல்லது. கார்பன் ஃபிரேம் தேவையே இல்லை. டியூபை நீங்களே மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டு ஹாலில் உட்கார்ந்து நாலு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கிளம்பும்முன் ஒரு வேலை மிச்சம். டாக்டரைப் பாருங்கள். சுகர், பி.பி., குடும்பத்தில் மாரடைப்பு ஏதாவது இருந்தால் டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று கேளுங்கள். இன்சுலினோ, சுகரை இறக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் நெடுந்தூர நாளன்று அளவை மாற்ற வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள், இல்லையென்றால் வழியில் சுகர் தடாலென்று இறங்கிவிடும். ஓட்டும்போது நெஞ்சை அழுத்தினாலோ தாடை, இடது கைப் பக்கம் வலித்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மிச்ச தூரத்தைப் பார்க்காதீர்கள்.

முதல் 200க்கு ஜனவரி அல்லது பிப்ரவரியைக் குறிவைக்கலாம். நவம்பர், டிசம்பரில் மழை. அதற்கு முன்னால் 120 கிலோமீட்டரை ஒரு முறையாவது அலுக்காமல் முடித்திருந்தால் போதும், 200ஐப் பயிற்சியில் ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தியாவில் நடக்கும் பி.ஆர்.எம். தேதிகள் ஆடாக்ஸ் இந்தியா தளத்தில் ஊர்வாரியாக இருக்கும். சைக்கிள் ஏற்கெனவே வைத்திருந்தால் அதன் மாடலையும் உங்கள் உயரத்தையும் கமென்ட்டில் எழுதுங்கள், ஃபிரேம் அளவு ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.