மணற்கரையில் அலையாத்தி நடலாமா, கல் கொட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு முன்னால் திறந்த கடல், மணற்கரை. கரைக்கும் வீடுகளுக்கும் நடுவே ஆளுயர மணல்மேடு ஓடுகிறது. அதை இரண்டு இடத்தில் வெட்டிக் கடற்கரைக்குப் பாதை விட்டிருக்கிறோம். ஊருக்குப் பின்பக்கம் உப்பங்கழி, அதன் ஓரத்தில் கொஞ்சம் அலையாத்தி மரங்கள் மிச்சமிருக்கின்றன. போன புயலில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போது ஓர் அமைப்பு 5,000 அலையாத்திக் கன்றுகள் தருகிறேன், கடற்கரையில் நட்டால் புயலைத் தடுக்கும் என்கிறது. ஊரில் பாதிப் பேர் கல் கொட்டிச் சுவர் கட்டச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்:

எடுத்ததும் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கன்றுகளை மணற்கரையில் நடாதீர்கள், ஒன்றுகூடத் தேறாது. அலையாத்தி என்பது அலை அடங்கிய சேற்று நிலத்தின் மரம். திறந்த கடலின் அலை நேரடியாக மோதுகிற மணலில் அதன் வேர் பிடிப்பதற்குள் அலை பிடுங்கிக்கொண்டு போய்விடும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நல்ல மனதோடுதான் 1,000 ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து 23 இடங்களைப் போய் ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றும் உயிரோடு இல்லை, மொத்தத்தில் உருப்படியாக வளர்ந்தது 200 ஹெக்டேர் சொச்சம்தான். மரத்தின் மேல் குறையில்லை, நட்ட இடம் தப்பு.

சரி, இப்போது நீங்கள் ஊரில் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. போன புயலில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது? முன்பக்கம் மணல்மேட்டைத் தாண்டி வந்ததா, வெட்டிய பாதை வழியாக வந்ததா, இல்லை பின்பக்கம் கழியிலிருந்து மெல்ல ஏறி வந்ததா? சுவரில் படிந்த சேற்றுக் கோடு எந்தத் தெருவில் உயரமாக இருக்கிறது, யார் வீட்டில் முதலில் புகுந்தது, எவ்வளவு நேரத்தில் வடிந்தது என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கன்று, கல் இரண்டையும் பற்றிய முடிவு அந்தத் தாளில்தான் இருக்கிறது, ஏனென்றால் புயல் இரண்டு விதமான தண்ணீரைக் கொண்டுவருகிறது, இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று அலை. காற்று கிளப்பிவிடுவது, மோதி உடைப்பது, மண்ணை அரிப்பது. இன்னொன்று கடல் மட்டமே உயர்ந்து நிலத்துக்குள் வருவது. புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் கொஞ்சம் மேலே எழும்பும், ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அது சின்னக் கணக்கு. பெரிய பங்கு காற்றுக்குத்தான், அது மணிக்கணக்கில் தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், கரையோரக் கடல் ஆழமில்லாமல் இருந்தால் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் குவியும். 1999 ஒடிசா புயலில் சில இடங்களில் கடல் ஐந்தாறு மீட்டர் உயர்ந்தது இப்படித்தான்.

அலையை அடக்குவதில் செடியும் மரமும் கெட்டிக்காரர்கள். நூறு மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைப்பதாக அளந்திருக்கிறார்கள். வேர், தண்டு, இலை எவ்வளவு அடர்த்தி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து மாறுவதால்தான் இவ்வளவு இடைவெளி. அலையின் சக்தி உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், உயரம் பாதியானால் மோதும் சக்தி கால்வாசியாகிவிடும், அது சாதாரண உதவி இல்லை. ஆனால் கடல் மட்டம் உயர்ந்து வருகிறதே, அதற்கு அதே காடு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் குறைக்கும். அதனால் இருபது மீட்டர் அகலத்துக்கு ஒரு வரிசை மரம் வைத்துவிட்டு இரண்டு மீட்டர் வெள்ளத்தை அது தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெரிய சொத்தைப் பற்றிக் கேள்வியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மணல்மேடு. அது சும்மா குவிந்து கிடக்கும் மணல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் கடலோர ஊருக்கு அதைவிட மலிவான, தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும் காவல் வேறு கிடையாது. புயல் அலை அடிக்கும்போது மேட்டின் அடியிலிருந்து மணலை இழுத்துக்கொண்டு போகும், பார்க்கிறவருக்கு மேடு கரைகிறது என்று பயமாக இருக்கும். ஆனால் இழுபட்ட மணலில் பெரும்பகுதி கொஞ்சதூரம் தள்ளிக் கடலுக்கடியில் ஒரு திட்டாகப் படிகிறது, அடுத்து வருகிற அலைகள் அந்தத் திட்டிலேயே இடறி உடைந்துவிடுகின்றன. புயல் ஓய்ந்த பிறகு வரும் அமைதியான மாதங்களில் சின்ன அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும், காற்று அதை மேலே ஏற்றும், அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் அதைப் பிடித்து நிறுத்தும். இவை இரண்டும் மணல் மூட மூட அதற்கு மேலே வளர்ந்துகொண்டே போகிற செடிகள், அதனால்தான் மேடும் கூடவே வளர்கிறது.

ஆகவே முதல் வேலை, வெட்டிய அந்த இரண்டு பாதைகள். கடலுக்கு நேராக வெட்டிய பாதை என்பது தண்ணீருக்குத் திறந்துவைத்த கதவு, காற்றும் அதே வழியாக மணலை அள்ளி ஊருக்குள் கொட்டும். ஒன்றை மூடிவிடுங்கள். மற்றதை நேராக விடாமல் சாய்வாக வளைத்து, முடிந்தால் மேட்டின் மேலேயே மரப்பலகை நடைபாதையாக ஏற்றி இறக்குங்கள். மூடிய இடத்தில் ஓலையோ காய்ந்த மிலாறோ கொண்டு முழங்கால் உயரத்துக்கு, காற்று புகும்படி இடைவெளி விட்டு வேலி கட்டினால் காற்று கொண்டுவரும் மணல் அங்கே தங்கும். வேலியைக் காற்று புகாத அளவுக்கு நெருக்கமாகக் கட்டினால் மணல் சரியாகப் படியாது. மணல் படிந்ததும் பக்கத்து மேட்டிலிருந்தே அடம்பங்கொடித் தண்டுகளை வெட்டி வந்து மழைக்காலத் தொடக்கத்தில் பதியம் போடுங்கள். மேட்டின் மேல் வண்டி ஏறக் கூடாது, மணல் அள்ளவே கூடாது.

சவுக்கு நடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சவுக்கு காற்றை மறிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடலைப் பார்த்த முகப்பில் நெருக்கமாக நட்டால் அதன் நிழலிலும் சருகிலும் மணலைப் பிடிக்கும் கொடிகள் அழிந்துபோகும், அடிமணல் அரிபட்டால் மரமும் சாய்ந்துவிடும். வேண்டுமென்றால் மேட்டுக்குப் பின்னால் நடுங்கள்.

கல் கொட்டுவது பற்றி. வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு, துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான குடியிருப்பு மாதிரி. உங்கள் ஊரில் மணல்மேடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதால் நான் வேண்டாம் என்பேன். கல்லில் மோதிய அலை திரும்பி வந்து கல்லுக்கு அடியில் உள்ள மணலைத் தோண்டும், நாளடைவில் முன்னால் இருக்கும் கடற்கரையே காணாமல் போகும். சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு அதிகமாகும், அதாவது உங்கள் தொல்லை பக்கத்து ஊருக்கு நகரும். மணல்மேட்டைக் கல்லால் மூடிவிட்டால், நான் மேலே சொன்ன அந்த மணல் போய்த் திரும்பும் போக்குவரத்தும் நின்றுவிடும்.

இப்போது பின்பக்கத்துக்கு வருவோம். உங்கள் தாளில் தண்ணீர் கழியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் (மணல்மேடு உள்ள ஊர்களில் இது அடிக்கடி நடக்கும், முன்வாசலைக் காத்துக்கொண்டிருக்கையில் தண்ணீர் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும்) அந்த 5,000 கன்றுகளுக்கு இடம் அங்கேதான். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: அங்கே அலையாத்தி ஏன் கொஞ்சமாகிப் போனது? சாலை போட்டபோது வாய்க்கால் அடைபட்டிருக்கலாம், சாலைக்கு அடியில் போட்ட குழாய் சின்னதாக இருக்கலாம், வரப்பு போட்டு ஓதத்தை (தினமும் கடல்நீர் ஏறி இறங்குவதை) மறித்திருக்கலாம். ஓதம் ஏறி இறங்காத இடத்தில் தேங்கிய தண்ணீர் வெயிலில் உப்பேறி வேரைக் கொன்றுவிடும். பிச்சாவரத்தில் முன்பு காட்டை வெட்டியதால் நிலம் பள்ளமாகி உப்பு தேங்கிப் போன பகுதிகளில், 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகுதான் காடு மீண்டது. தண்ணீர் ஒழுங்காக வந்து போனால் பக்கத்து மரங்களின் விதைகளே மிதந்து வந்து முளைக்கும், பல இடங்களில் நடவே தேவைப்படாது. நட்டே ஆக வேண்டுமென்றால் இப்போது எந்த உயரத்தில் எந்த இனம் நிற்கிறதோ அதே உயரத்தில் அதே இனத்தை நடுங்கள், எப்போதும் தண்ணீர் நிற்கும் சேற்றில் வேண்டாம். கழியின் வெள்ளப்பரப்பை மண் கொட்டி நிரப்ப யாரையும் விடாதீர்கள். தண்ணீர் பரந்து தங்க அந்த இடம் இல்லாவிட்டால் அது உங்கள் தெருவில்தான் தங்கும்.

கரைக்கு வெளியே பவளப்பாறையோ கடற்புல் பரப்போ இருக்கிறதா என்று மீனவர்களிடம் கேளுங்கள். பவளப்பாறைத் திட்டுகள் அலையின் சக்தியில் சராசரியாக 97 சதவீதத்தை உறிஞ்சிவிடுவதாக 2014இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. இருந்தால் அதைச் சிதைக்காமல் விடுவதே உங்கள் பங்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையில் நடந்த ஆய்வு, மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றது. அதே தரவுகளை மறுபடி பார்த்த வேறு ஆய்வாளர்கள், கிராமம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதே பெரிய காரணம் என்றார்கள். சுனாமி நீளமான அலை, அதற்கும் புயல் அலைக்கும் ஒரே கணக்கு போட முடியாது. 1999 ஒடிசா புயலில் கேந்திரபாரா கிராமங்களை ஆராய்ந்தவர்கள், ஊருக்கும் கடலுக்கும் நடுவே அகலமான அலையாத்திக் காடு இருந்த இடங்களில் இறப்பு குறைவு என்று கண்டார்கள். ஆனால் அரசு முன்கூட்டியே விட்ட எச்சரிக்கை அதைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றியது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் மேடும் காடும் நன்றாக வளர்ந்த பிறகும், வெளியேறச் சொன்னால் வெளியேறிவிடுங்கள்.

அந்த அமைப்புக்கு இப்படிப் பதில் எழுதுங்கள்: கன்றுகள் கொஞ்சம் பொறுக்கட்டும், முதலில் கழியின் வாய்க்கால்களையும் சாலைக்கு அடியில் உள்ள குழாய்களையும் சீர்செய்ய உதவ முடியுமா, நட்ட பிறகு மூன்று ஆண்டுகள் வந்து கணக்கெடுப்பீர்களா. இரண்டுக்கும் சரி என்றால் கழியில் இடம் காட்டுங்கள். நட்டு விழா எடுத்துவிட்டுப் போவதோடு சரி என்றால், நன்றி சொல்லி அனுப்பிவிட்டு நீங்களே அடம்பங்கொடித் தண்டு வெட்டக் கிளம்புங்கள், கரையோர விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டுமா என்று உள்ளாட்சியில் ஒரு முறை கேட்டுக்கொண்டு.